அடைக்கக் கூடாத ஓட்டைகள்

இன்னாசிராஜுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவனுடைய கொத்துவேலை இல்லை. அவனைவிட நன்றாகப் பூசத் தெரிந்தவர்கள் மேல் டிவிஷனிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் இந்த வேலைக்கு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். அடுப்படியில் குனிந்து பார்க்க வேண்டும், கட்டிலை நகர்த்த வேண்டும், சாமி படத்தைத் தூக்கிப் பின்னால் கையை விட வேண்டும். வேறு யார் போனாலும் பெண்கள் விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள். இன்னாசிராஜைப் பார்த்து ஒருத்தியும் எடுக்கமாட்டாள் என்பது கண்டக்டருக்குத் தெரியும். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் துரைக்கு அடுத்தபடி டிவிஷனைக் கட்டி மேய்க்கிறவர். பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கிறவர் இல்லை.

மாட்டுப்பட்டிக்கு மேலே, மேகம் வாசல்படி வரைக்கும் வந்து உட்காரும் உயரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். நாலு லைன், லைனுக்குப் பன்னிரண்டு வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம். வெள்ளைக்காரன் கட்டிப்போட்டது. அவன் போய் இத்தனை வருஷத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்து நாலில் திடீரென்று திரும்பிப் பார்த்தார்கள். ஜனங்கள் குளிரில் நடுங்குகிறார்களே என்ற இரக்கத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் விலை எகிறியதில் தேயிலை காயவைக்கும் பாக்டரியும் விறகுக்கு மாறிவிட்டது. லைன் வீடுகள் எரிக்கிற விறகு அப்போதுதான் ஆபீசின் கண்ணை உறுத்தியது. குழாய் வைத்த புகையில்லா அடுப்பு போட்டுச் சுவர் ஓட்டைகளை அடைத்து, தகரத்துக்குக் கீழே பலகை அடித்தால் விறகு பாதியாகும் என்று யாரோ கணக்குச் சொன்னார்கள். செலவு செய்வதற்கு முன்னால் எந்த வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று வீடு வீடாகப் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல்தான் இன்னாசிராஜின் வேலை.

வேலையை அவன் தானாகவே ஒரு முறைக்குக் கொண்டுவந்தான். காலையில் கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுபோய் அந்த வீட்டு விறகை நிறுத்து வைப்பான். மறுநாள் மிச்சத்தை நிறுப்பான். பிறகு கதவைச் சாத்தி, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாகவே நடப்பான். புகை நேரே எழுந்தால் சுவர் நல்ல சுவர். சாய்ந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சாய்ந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடுவான். ஆறடி உயரமும் கோணல் தாடையுமாக ஒருத்தன் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றி வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பெரியவர்கள் சிரிக்கவில்லை.

அந்தத் தாடையின் கதையைச் சொல்லியாக வேண்டும். இன்னாசிராஜ் அடிதடிக்காரன். பத்தொன்பது வயதில் ஒரு கங்காணியின் தோள்பட்டையை உடைத்தவன். சாராயக்கடையில் அவன் கை படாத ஆள் குறைவு. வெளியில் அடிக்க ஆள் கிடைக்காத நாட்களில் வீட்டில் கத்தரீனாள் இருந்தாள். அவளுக்கு முன்பல் இரண்டு போனது அவனால்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவள் முடியைக் கையில் சுற்றி, வாயைப் பொத்தி, தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். கதவு பிளந்தது. பக்கத்து வீட்டு சுவக்கீனும் அவன் பெண்டாட்டி மதலேனம்மாளும் உள்ளே பாய்ந்தார்கள். சுவக்கீன் கையிலிருந்த விறகுக்கட்டை இன்னாசிராஜின் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

தாடை கோணலாகக் கூடியது. எழுந்து நடமாடியதும் அந்தோணியார் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு நேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து கத்தரீனாளின்மேல் கை வைத்ததில்லை. இதை அவன் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தாலும் அந்த மழையில் யார் காதிலும் விழுந்திருக்காது. பிறகு சுவக்கீனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தோணியார்தான் அனுப்பிவைத்தார் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

மூன்றாம் லைன் ஏழாம் வீட்டில் பத்திப் புகை சாய்ந்தது மட்டுமில்லை, சுவருக்குள்ளேயே ஓடிப் போனது. அடுப்புக்குப் பக்கத்தில், அரிசி டின்னுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. கைமுஷ்டி நுழையும். எட்டாம் வீட்டுக்குள் போகும் ஓட்டை அது. அதற்குள்ளிருந்து ஒரு சணல் கயிற்று நுனி வெளியே தொங்கியது.

“இது என்ன கயிறு?” என்று கேட்டான்.

“துணி காயப்போட,” என்றாள் வேலுத்தாய். அந்த வீட்டுக்காரி, கொழுந்து கிள்ளுகிறவள். முழங்கைக்கு மேலே பழைய காயம் ஒன்று மஞ்சளாகக் கிடந்தது. வாசல் நிலையில் அவள் புருஷன் பெரியமுத்து சாய்ந்து நின்றான்.

“முழங்கால் ஒசரத்துல யாரு துணி காயப்போடுவா?” என்று இன்னாசிராஜ் சிரித்தான். பெரியமுத்துவும் சிரித்தான்.

ஒரு வீட்டை முழுக்க அடைத்துப் பார்த்து விறகு எவ்வளவு மிச்சமாகிறது என்று சொல்லும்படி கண்டக்டர் கேட்டிருந்தார். இவ்வளவு பெரிய ஓட்டை உள்ள வீட்டை விட்டால் வேறு எது? புதன்கிழமை சிமெண்டும் மணலுமாகக் கொண்டுவந்தான். கயிற்றைக் கரண்டியாலேயே அறுத்து எறிந்தான்.

“அண்ணே, எல்லாத்தையும் அடைச்சுக்கிடுங்க. இதை மட்டும் விட்டிருங்க,” என்றாள் வேலுத்தாய், குரலே வெளியே வராமல்.

“ஏன்?”

அவள் வாசலைப் பார்த்தாள். பெரியமுத்து அங்கேயே நின்றான். “எனக்குக் குளிரு பழக்கம்ணே,” என்றாள்.

“நல்ல கூத்து. ஊரே போர்வை போர்வைன்னு சாகுது, உனக்குக் குளிரு வேணுமாக்கும்!” என்று சொல்லிக்கொண்டே கல்லைத் திணித்து, மேலே பூசி, வழவழவென்று தேய்த்துவிட்டான். நல்ல பூச்சு. தன் வேலையை ஒரு அடி தள்ளி நின்று ரசித்தான், மடையன்.

அன்று சாயங்காலம் குழாயடியில் எட்டாம் வீட்டு முத்துப்பேச்சி அவனை மறித்தாள். பயந்த சுபாவக்காரி, அவனோடு அவள் பேசியதே அதுதான் முதல் தடவை.

“ஏன் அடைச்சீரு?”

“ஆபீஸ் உத்தரவு. உன் வீட்டுக்கும் கதகதப்புதானே?”

“ஆபீஸா வந்து...” என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டு அடுப்படியில் ஓட்டைக்கு நேராக ஒரு காலி பால்பவுடர் டப்பா தொங்கியதை அவன் முன்னாலேயே பார்த்திருந்தான். எதுக்கு என்று கேட்டதற்கு, எலி விரட்ட என்றிருந்தாள். பல வீடுகளில் அப்படி ஒரு டப்பா தொங்கியது. மலையில் எலித்தொல்லை அதிகம் என்று அவனும் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

சனிக்கிழமை நிறுத்துப் பார்த்தான். நாளைக்குப் பதினொரு கிலோ எரித்த வீடு எட்டு கிலோவில் நின்றது. கண்டக்டர் அவன் முதுகில் தட்டினார். இன்னாசிராஜ் அன்று தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மழை பிடித்தது. கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி தகரத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முத்துப்பேச்சி தலைவிரி கோலமாக நனைந்து வந்து கதவை உதைத்தாள். “ஏழாம் வீட்டு வாசல்ல தண்ணி செவப்பா வருது! உள்ள தாப்பாப் போட்டிருக்கான்!”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் சொன்னது சரிதான். கதவுக்குக் கீழிருந்து வழிந்த தண்ணீர் சாக்கடைக்கு வருவதற்குள் வெளுத்துவிட்டது. வாசலில் இன்னும் சிவப்பாகவே இருந்தது. நாலு குத்தில் தாழ்ப்பாள் பறந்தது. பெரியமுத்து அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்திருந்தான். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி அது. வெட்டாமல் பிடியால் அடித்திருந்தான், அதுவரைக்கும் புண்ணியம். வேலுத்தாய் அரிசி டின்னைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். முகத்தில் ஒரு பக்கம் முகமாகவே இல்லை.

அவள் கை மட்டும் சுவரில் இருந்தது. அவன் பூசிய இடத்தில். அந்த வழவழப்பான பூச்சில் மேலிருந்து கீழே கீறல் கீறலாக ரத்தக்கோடுகள். அகப்பையால் குத்திப் பார்த்திருக்கிறாள், காம்பு முறிந்து கிடந்தது. பிறகு நகத்தால் தோண்டியிருக்கிறாள். நாலு விரலில் நகம் இல்லை. நாலு நாளில் சிமெண்டு நன்றாக இறுகியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னாசிராஜுக்குப் பாதிதான் நினைவில் இருந்தது. பெரியமுத்துவின் கத்தியைப் பிடுங்கி வெளியே எறிந்தது நினைவிருந்தது. மூக்கு அமுங்கியதும், பல் தன் கைமுட்டியில் ஏறியதும் நினைவிருந்தது. கீழே விழுந்தவனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் குத்தினான். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவனை நகர்த்த முடியவில்லை. ஆறு வருஷமாகக் கட்டிப்போட்டு வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டு வந்தது. கடைசியில் அவனை நிறுத்தியது முத்துப்பேச்சியின் குரல்.

“அவனைக் கொன்னு என்னத்துக்கு ஆகும்? அந்த ஓட்டையை அடைச்சது யாரு?”

கை அந்தரத்தில் நின்றது.

“அந்தக் கயித்தை அவ இழுத்தா என் வீட்டு டப்பா குதிக்கும். மழையில கத்துனா யாருக்குக் கேக்கும்? டப்பா குதிச்சா நான் ஓடியாருவேன், என் மாமியா வரும், அக்கம்பக்கத்துப் பொம்பளையெல்லாம் கட்டையோட வருவாளுக. மூணு வருசமா அவ உசுரு அந்தக் கயித்துலதான் இருந்துச்சு. அறுத்துப் போட்டீரே!” அவள் அழவில்லை. வெறுப்போடு சொன்னாள். ஆண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்தக் கயிற்றைப் பற்றி ஒருத்தி வாய்திறந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை.

எஸ்டேட் ஜீப்பில் வேலுத்தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கத்தரீனாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடப் போனாள். பெரியமுத்துவை காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள்.

இன்னாசிராஜ் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு வைத்தபடி இருந்தது. கைமுட்டியில் தோல் இல்லை. சுவரைப் பார்த்தான். நாற்பத்தெட்டு வீட்டில் அவன் பத்தி பிடிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான், அவனுடையது. தன் கையால் பூசிய வீடு என்ற திமிரில், அதற்கு நேராக ‘ஓட்டை இல்லை’ என்று பார்க்காமலேயே எழுதியிருந்தான்.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தான். வாசல் பக்கம் நேராக எழுந்தது. ஜன்னலோரம் நேராக எழுந்தது. அந்தோணியார் படத்துக்கு முன்னால் வந்ததும் புகை சாய்ந்து, சட்டத்துக்குப் பின்னால் நுழைந்தது.

படத்தைக் கழற்றினான். ஓட்டை இருந்தது. சுத்தமாக, உளியால் வெட்டியது. அவனுடைய உளியாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே கயிறு. அதன் முன்னால் மண்டியிட்டுத்தான் அவன் நேர்ந்துகொண்டான், ஆறு வருஷமாகத் தினமும் கும்பிட்டான்.

இழுத்துப் பார்த்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பக்கத்தில் மதலேனம்மாள் வீட்டில் டப்பா கடகடவென்று உருளும் சத்தம், ஓட்டை வழியாக அவனுக்கே நன்றாகக் கேட்டது. அவன் கயிற்றை விடுவதற்குள் கதவு சுவரில் மோதியது. மதலேனம்மாள் உள்ளே வந்தாள். அறுபதை நெருங்குகிறவள், இரண்டு கையிலும் விறகுக்கட்டையைப் பிடித்திருந்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் அடி தோளில், இரண்டாவது அடி மண்டையில். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு உட்கார்ந்துவிட்டான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

“எங்கலே அவ? எங்க போட்டிருக்க?” என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“இங்க இல்ல, மதினி. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா.”

“அப்ப கயித்தை இழுத்தது?”

“நான்தான்.”

மதலேனம்மாள் அவனையும், சுவரையும், கழற்றிவைத்த படத்தையும் பார்த்தாள். கட்டையைக் கீழே போடவில்லை. “தெரிஞ்சுபோச்சாக்கும்,” என்றாள். பிறகு தன் முந்தானையைக் கிழித்து அவன் தலையில் இறுக்கிக் கட்டினாள். கட்டிய வேகத்தில் இன்னொரு அடி விழுந்த மாதிரிதான் இருந்தது. இன்னாசிராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்தோணியார் யாரையும் அனுப்பவில்லை. கத்தரீனாள் தானே ஓட்டை போட்டு, தானே கயிறு கட்டி, தானே உயிர் பிழைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் கத்தரீனாள் வந்தாள். வேலுத்தாய் பிழைத்துக்கொள்வாள், ஒரு கண் போய்விட்டது என்றாள். அவன் தலைக்கட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

“இன்னும் எதுக்கு இது?” என்று கேட்டான். “நான் கை நீட்டி ஆறு வருசம் ஆச்சே.”

“ஆமா,” என்றாள். “ஆறு வருசம்தான் ஆச்சு.”

“அடைச்சிரட்டுமா?”

அவள் அவன் கைமுட்டியைப் பார்த்தாள். நேற்றைய ரத்தம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. “நேத்து அந்தாளை நீங்க அடிச்சதை நானும் பாத்தேன்,” என்றாள். “நல்லதுக்குத்தான் அடிச்சீங்க. ஆனா அந்தக் கை எனக்குத் தெரிஞ்ச கைதான். இருக்கட்டும்.”

அன்றைக்கே உளியை எடுத்துக்கொண்டு போய் ஏழாம் வீட்டுப் பூச்சை உடைத்தான். பிறகு பட்டியலை முதலிலிருந்து எடுத்தான். இந்தத் தடவை ஊதுபத்தி தேவைப்படவில்லை. எலி டப்பா தொங்கும் வீடுகளையும், சுவருக்கு மறுபக்கம் கயிறு இருக்கும் வீடுகளையும் எண்ணினான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீடுகளுக்கு நேராக எல்லாம், ‘புது அடுப்புக்குக் காற்று போக வேண்டிய வழி, அடைக்கக் கூடாது’ என்று எழுதினான். விஷயம் தெரியாத பூச்சுக்காரன் ஒருத்தன் வந்து அடைத்துவிடக் கூடாது. ஆபீசில் கையெழுத்து வாங்கிவிட்டால் எவனும் தொடமாட்டான்.

கண்டக்டர் பட்டியலைப் புரட்டினார். மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். “எந்தா இன்னாசி இது? நாப்பத்தெட்டு வீட்ல பன்னெண்டுக்கு மட்டும் காத்து வேணுமா?”

“அந்தப் பன்னெண்டு வீட்டுல புகை வேற மாதிரி போகுது, சார். அடைச்சா மூச்சு முட்டிச் செத்துருவாங்க.”

“செத்துருவாங்களா?”

“ஒருத்தி சாகப் பாத்தா, சார். எட்டு கிலோ விறகுன்னு உங்ககிட்ட வந்து சந்தோசமா சொன்னேனே, அந்த வீடு.”

கண்டக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். வேலுத்தாய் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. எவ்வளவு புரிந்துகொண்டார் என்று இன்னாசிராஜுக்குத் தெரியாது. பட்டியலில் மறுபடி விரலை ஓட்டியவர் ஒரு இடத்தில் நின்றார். “முதல் லைன் நாலாம் வீடு. இது உன் வீடில்லையா? ஓட்டை இல்லைன்னு முன்னாடி எழுதியிருந்தே. நீயே பூசின வீடு.”

“தப்பா எழுதிட்டேன், சார். என் வீட்டுலதான் அது மொதல்ல வேணும்.”

கையெழுத்து விழுந்தது.

புது அடுப்புகள் வந்தன, பலகை அடித்தார்கள், முப்பத்தாறு வீட்டுச் சுவர்களை முழுக்கப் பூசினார்கள். பன்னிரண்டு வீட்டில் ஒரு ஓட்டையை மட்டும் விட்டுப் பூசினார்கள். வேலுத்தாய் ஒற்றைக் கண்ணோடு கொழுந்துக்குத் திரும்பினாள். பெரியமுத்து ஜெயிலிலிருந்து வந்து மலையிறங்கிப் போனான். அவள் இன்னாசிராஜிடம் பேசவே இல்லை. எதிரே வந்தால் பாதையின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அவனும் பேச முயலவில்லை.

தையில் உறைபனி விழுந்தபோது படத்துக்குப் பின்னாலிருந்து காற்று கத்தி மாதிரி வந்தது. சொந்த வீட்டில் கதகதப்பில்லாத ஒரே கொத்தன் அவன்தான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் தன் பாயை அந்தச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டான். காற்று அவன் முதுகில் பட்ட பிறகுதான் கத்தரீனாளின் பக்கம் போனது.

ஒரு நாள் கொழுந்துக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள், “கயிறு இத்துப்போச்சு. மூணாறு போனா நல்ல கயிறா ஒண்ணு வாங்கியாங்க.”

வாங்கி வந்தான். கடைக்காரனிடம் மூன்று தடவை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினான். கத்தரீனாள் அந்தோணியார் படத்தைக் கழற்றி, பழைய கயிற்றை உருவி, புதுக் கயிற்றை ஓட்டைக்குள் விட்டாள். அந்தப் பக்கத்தில் மதலேனம்மாள் வாங்கிக் கட்டினாள். கத்தரீனாள் ஒரு தடவை சுண்டி இழுத்தாள். டப்பா குதித்தது.

“வேலை செய்யுதா?” என்று இன்னாசிராஜ் கேட்டான்.

“ம்,” என்று சொல்லி அவள் படத்தை மாட்டினாள்.